மார்ட்டின் லூதர்: சட்டம், பாவம், மன்னிப்பு



ஐரோப்பிய மதச்சீர்திருத்தம் பற்றி வினா வந்தால் பெரும்பாலான விடைத்தாள்களில் ஒரே விடையைக் காணலாம். திருச்சபை பணத்துக்காகப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றது, லூதர் கோபம் கொண்டார், 95 கோட்பாடுகளைத் தேவாலயக் கதவில் அறைந்தார், கிறிஸ்தவம் இரண்டாகப் பிளந்தது. இவ்விடை முற்றாகப் பிழையானது அல்ல. ஆயினும் அது பாதி விடையே. சீட்டு விற்பனையைக் கண்டித்தவர்கள் லூதருக்கு முன்னரும் இருந்தனர். அவர்களால் ஏற்படாத பிளவு லூதரால் மட்டும் ஏன் ஏற்பட்டது என்பதற்கு இவ்விடையில் காரணம் இல்லை.

அக்காரணம் லூதரின் மனதைப் பல ஆண்டுகளாக வருத்திய ஒரு கேள்வியில் இருக்கின்றது. கடவுளின் சட்டத்தை முழுமையாகக் கைக்கொள்ள முடியாத ஒரு மனிதன், தான் மன்னிக்கப்பட்டதை எவ்வாறு அறிந்துகொள்வான்? இக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவரது வாழ்க்கையைப் படியுங்கள். ஆண்டுகளும் பெயர்களும் தாமாகவே மனதில் தங்கும்.

(கவனிக்க: 1968 இல் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் வேறு ஒருவர். இங்கு நாம் படிப்பது 16 ஆம் நூற்றாண்டு ஜேர்மனியரை. விடையில் இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

1. முதலில் விளங்க வேண்டிய சொற்கள்

உங்களுள் சிலர் கத்தோலிக்கர், சிலர் ஏனைய கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள், பலர் சைவ, இஸ்லாமிய மாணவர்கள். ஒரே பொருளுக்கு இரு சபையாரும் வேறு சொற்களைப் பயன்படுத்துவதால் வகுப்பில் மயக்கம் ஏற்படுகின்றது. எனவே பின்வருவனவற்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சட்டம்: கடவுள் மனிதருக்கு விதித்த கட்டளைகள். பத்துக் கட்டளைகள் இதன் சுருக்கமாகும். புரட்டஸ்தாந்தர் இதனை நியாயப்பிரமாணம் என்பர். கத்தோலிக்கர் திருச்சட்டம் என்பர். கடவுளின் இச்சட்டம் வேறு, திருச்சபை தன் நிர்வாகத்துக்காக இயற்றிய திருச்சபைச் சட்டம் வேறு.

பாவம்: கடவுளின் சட்டத்தை மீறுதல். கிறிஸ்தவ போதனையின்படி இது தனித்தனிச் செயல்களை மட்டும் குறிப்பதில்லை. செயலுக்குப் பின்னால் மனித இயல்பிலேயே உள்ள சாய்வையும் குறிக்கும்.

மன்னிப்பு: பாவத்தினால் முறிந்த உறவைக் கடவுள் மீண்டும் ஏற்படுத்துதல். மத்திய காலத் திருச்சபையில் இது பாவசங்கீர்த்தனம் என்ற அருளடையாளத்தின் ஊடாக வழங்கப்பட்டது. ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என 1215 இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்திருந்தது.

2. பிறப்பும் கல்வியும்

மார்ட்டின் லூதர் 1483 நவம்பர் 10 ஆம் திகதி ஜேர்மனியின் ஐஸ்லேபன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஹான்ஸ், தாய் மார்கரெத்தா. தந்தையார் செப்புச் சுரங்கத் தொழிலில் உழைத்து முன்னேறியவர். தமது மகன் சட்டம் படித்து உயர்ந்த உத்தியோகம் பெற வேண்டும் என்பது அவரது ஆசை. இந்த ஆசை எத்தகையது என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

லூதர் 1501 இல் ஏர்பேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1502 இல் இளமாணிப் பட்டமும் 1505 இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். தந்தையின் விருப்பப்படி அதே ஆண்டு சட்டக் கல்வியை ஆரம்பித்தார். ஆனால் 1505 ஜூலை 2 ஆம் திகதி, ஸ்ரொற்றர்ன்ஹைம் என்ற கிராமத்துக்கு அருகே வந்துகொண்டிருந்தபோது பெரும் இடிமின்னலில் அகப்பட்டார். மரண பயத்தில், சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித அன்னாளை அழைத்து, உயிர் தப்பினால் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். இரண்டு வாரங்களின் பின்னர் ஏர்பேட்டில் இருந்த அகுஸ்தீனார் துறவற மடத்தில் சேர்ந்துவிட்டார். தந்தை கடுங்கோபம் கொண்டார்.

லூதரை மடத்துக்கு அனுப்பியது பயம் என்பதை இங்கு கவனியுங்கள். திடீரென இறந்தால் கடவுளின் தீர்ப்பின் முன் எவ்வாறு நிற்பது என்ற பயம் அது. கொள்ளைநோயும் பஞ்சமும் நிறைந்த அக்காலத்தில் இப்பயம் அவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

3. மடத்து வாழ்க்கை: எவ்வளவு செய்தால் போதும்?

மடத்தில் லூதர் மிகவும் கண்டிப்பான துறவியாக வாழ்ந்தார். உபவாசம், இரவுச் செபம், குளிரைத் தாங்குதல் ஆகியவற்றில் உடலை வருத்தினார். 1507 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். முதற் திருப்பலியை ஒப்புக்கொடுத்தபோது கடவுளின் முன்னிலையில் நிற்கும் பயத்தால் நடுங்கியதாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார்.

பாவசங்கீர்த்தனம் செய்யச் சென்றால் சிறு பிழைகளையும் மணிக்கணக்காக அறிக்கையிடுவார். எழுந்து வந்தபின் ஏதோ ஒன்று விடுபட்டுவிட்டது என்று மீண்டும் செல்வார். அவரது சபையின் மேலதிகாரியும் ஆன்மிக வழிகாட்டியுமான ஸ்ரௌபிற்ஸ் சலிப்படையும் அளவுக்கு இது நீடித்தது.

இதற்குக் காரணம் என்ன? அக்காலத்தில் பரவலாகக் கற்பிக்கப்பட்ட இறையியலின்படி, மனிதன் தன்னால் இயன்றதைச் செய்தால் கடவுள் தமது அருளை மறுக்க மாட்டார். கேட்பதற்கு இது ஆறுதலான போதனைதான். ஆனால் நேர்மையான ஒரு மனம் உடனே கேட்கும்: இயன்ற அனைத்தையும் நான் செய்துவிட்டேனா? நான் மனம் வருந்தியது கடவுள் மீதுள்ள அன்பினாலா, தண்டனைப் பயத்தினாலா?

ஓர் உதாரணம் தருகிறேன். சித்தியடைவதற்கு எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று அறிவிக்கப்படாத ஒரு பரீட்சையை எண்ணிப் பாருங்கள். இயன்றவரை எழுதினால் போதும் என்கிறார்கள். கவலையற்ற மாணவன் இரண்டு பக்கம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். கெட்டிக்கார மாணவனோ மேலதிகத் தாள் வாங்கி வாங்கி எழுதியும் நிம்மதியின்றி இருப்பான். லூதர் இந்த இரண்டாவது மாணவன். இன்னும் ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

இக்காலத்தில் கடவுளை அன்பு செய்ய முடியாமல், உள்ளத்தில் அவர்மீது வெறுப்பே தோன்றியது என்று பின்னாளில் அவர் ஒப்புக்கொண்டார். கடவுளுக்காக வீட்டைத் துறந்த ஒருவருக்கு இதைவிடக் கொடிய நிலை வேறில்லை.

4. விரிவுரை மண்டபத்தில் கிடைத்த விடை

லூதரின் மனக்குழப்பத்துக்கு மருந்தாக ஸ்ரௌபிற்ஸ் அவரைப் படிப்பிலும் போதனையிலும் ஈடுபடுத்தினார். சக்சனியின் விற்றன்பேர்க் நகரில் 1502 இல் தொடங்கப்பட்ட புதிய பல்கலைக்கழகத்தில், 1512 இல் லூதர் இறையியல் கலாநிதிப் பட்டம் பெற்று வேதாகமப் பேராசிரியரானார். 1513 முதல் சங்கீதங்களையும், 1515 முதல் உரோமையருக்கு எழுதிய நிருபத்தையும், 1516 முதல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தையும் விரிவுரைத்தார்.

உரோமையர் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில், கடவுளுடைய நீதி நற்செய்தியில் வெளிப்படுகின்றது எனப் பவுல் எழுதுகிறார். நீதி என்ற சொல்லே லூதருக்குப் பயத்தைத் தந்தது. நீதிபதி குற்றவாளிக்குரிய தண்டனையைக் கொடுப்பதே நீதி என அவர் கற்றிருந்தார். அப்படியானால் சட்டம் மட்டுமன்றி நற்செய்தியும் அச்சுறுத்தலே ஆகிவிடும் அல்லவா?

இரவும் பகலும் சிந்தித்த பின்னர் அவ்வசனத்தை அவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டார். இங்கே நீதி என்பது கடவுள் மனிதனிடம் கேட்கும் ஒன்றல்ல, கடவுள் மனிதனுக்குக் கொடுக்கும் ஒன்று. கிறிஸ்துவின் நீதியை, அவரை விசுவசிக்கும் பாவிக்குக் கடவுள் இலவசமாக அளித்து, அவனை நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார். இதுவே விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் எனப்படும். இவ்விளக்கம் ஒரே நாளில் ஏற்பட்டதா, படிப்படியாக ஏற்பட்டதா, 1517 இற்கு முன்னரா பின்னரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே இதற்கு ஒரு திகதி எழுதாதீர்கள்.

இதன் விளைவாக மூன்று சொற்களின் பொருளும் லூதரிடத்தில் மாறின.

அ) சட்டம், மனிதன் ஏறிச் செல்வதற்கான ஏணி அல்ல. அது கண்ணாடி. முகத்தில் உள்ள கறையைக் காட்டும், ஆனால் கழுவாது.

ஆ) பாவம் என்பது எண்ணிக் கணக்கெடுக்கும் செயல்கள் மட்டுமல்ல. மனிதன் தன்னை நோக்கியே வளைந்திருக்கும் நிலை அது. விசுவசித்த பின்னரும் இந்நிலை முற்றாக மறைவதில்லை. எனவே கிறிஸ்தவன் ஒரே வேளையில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான்.

இ) மன்னிப்பு உழைப்புக்குக் கிடைக்கும் கூலி அல்ல, நன்கொடை. நற்செயல்கள் அதற்கு விலையாக முன்னே செல்வதில்லை, அதன் கனியாகப் பின்னே வருகின்றன.

5. பாவமன்னிப்புச் சீட்டும் 1517 உம்

இப்போது சீட்டு விற்பனைக்கு வருவோம். இங்குதான் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். சீட்டு வாங்கினால் பாவம் மன்னிக்கப்படும் என்பது திருச்சபையின் முறையான போதனை அல்ல. பாவத்துக்கு இரு விளைவுகள் உண்டு எனத் திருச்சபை கற்பித்தது. ஒன்று குற்றம், மற்றையது தற்காலிகத் தண்டனை. மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்குக் குற்றம் மன்னிக்கப்படும். தண்டனையோ தவமுயற்சிகளால் இவ்வுலகில், அல்லது இறந்தபின் உத்தரிக்கும் தலத்தில் தீர்க்கப்பட வேண்டும்.

பாடசாலை நூலகப் புத்தகத்தைத் தொலைத்த மாணவனை அதிபர் மன்னித்துவிடலாம். ஆயினும் புத்தகத்தை அவன் ஈடுசெய்ய வேண்டும் அல்லவா? அந்த ஈட்டைக் குறைப்பதே சீட்டின் நோக்கம். கத்தோலிக்க மாணவர்கள் அறிந்த பரிபூரண பலன் என்ற சொல் இதனோடு தொடர்புடையது. இது இறந்தோரின் ஆன்மாக்களுக்கும் உதவும் எனப் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் 1476 இல் அறிவித்தார்.

நடைமுறையில் இந்த வேறுபாடு மங்கிப்போனது. பாப்பரசர் பத்தாம் லியோ உரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்காகச் சீட்டுகளை வழங்கினார். இருபத்துநான்கு வயதும் நிறையாத நிலையில் 1514 இல் மைன்ஸ் பேராயராகத் தெரிவான அல்பிறெக்ட், ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களை வைத்திருக்க உரோமின் விசேட அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. அதற்கான பெருந்தொகையை ஓக்ஸ்பேர்க் நகரின் பூகர் வங்கியாளர்களிடம் கடனாகப் பெற்றார். சீட்டு வருமானத்தில் ஒரு பாதி பேராலயத்துக்கும் மறுபாதி இக்கடனுக்கும் செல்வதாக ஏற்பாடு. சாதாரண மக்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது.

விற்பனைக்குப் பொறுப்பாக இருந்த தொமினிக்கன் துறவி தெற்செல் சக்சனிக்குள் அனுமதிக்கப்படவில்லை. ஆனால் விற்றன்பேர்க் மக்கள் எல்லை கடந்து சென்று சீட்டு வாங்கினர். லூதர் அந்நகரில் போதகராகவும் பாவசங்கீர்த்தனம் கேட்பவராகவும் இருந்தார். சீட்டு கையில் இருப்பதால் மனம் வருந்தத் தேவையில்லை என மக்கள் எண்ணுவதைக் கண்டு அவர் கவலையடைந்தார்.

அவரது எதிர்ப்பின் உட்பொருள் இதுவே. தாம் பல ஆண்டுகள் கண்ணீரோடு தேடிய நிச்சயத்தை மக்கள் ஒரு காசுக்கு வாங்குகின்றனர். அது பொய்யான நிச்சயம். ஏழையின் பணம் போகின்றது, அதைவிட மேலாக அவனது ஆன்மாவும் ஏமாற்றப்படுகின்றது.

1517 ஒக்டோபர் 31 ஆம் திகதி லூதர் பேராயர் அல்பிறெக்டுக்குக் கடிதம் எழுதி, 95 கோட்பாடுகளையும் இணைத்து அனுப்பினார். அவை விவாதத்துக்காக இலத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. கிறிஸ்தவனின் முழு வாழ்வும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே முதலாவது கோட்பாட்டின் கருத்து. தேவாலயக் கதவில் அறைந்ததாகக் கூறப்படும் செய்தி லூதரின் மரணத்தின் பின்னரே அவரது நண்பர் மெலாங்தனின் எழுத்தில் பரவலாகியது. அது நிகழ்ந்ததா என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. அச்சு இயந்திரத்தின் உதவியால் சில மாதங்களில் இக்கோட்பாடுகள் ஜேர்மனி எங்கும் பரவின.

6. பிளவு ஏற்படுதல் (1518 – 1521)

1518 இல் ஓக்ஸ்பேர்க்கில் கர்தினால் கயெற்றான் லூதரை விசாரித்தார். முக்கிய பிரச்சினையாக எழுந்தது எது தெரியுமா? பாவமன்னிப்பு வார்த்தையைக் கேட்கும் பாவி, தான் உண்மையிலேயே மன்னிக்கப்பட்டதாக உறுதியாக நம்பலாமா என்பதும் அதில் ஒன்று. நம்ப வேண்டும் என்றார் லூதர். அத்தகைய உறுதியை விதிப்பது புதிய போதனை என்றார் கர்தினால். முரண்பாடு பணத்தைத் தாண்டிவிட்டதை இங்கு காண்கிறீர்கள்.

1519 இல் லைப்சிக் நகரில் ஏக் என்ற அறிஞருடன் நடந்த விவாதத்தில், பாப்பரசரும் பொதுச்சங்கங்களும் தவறக்கூடும் என்ற நிலைப்பாட்டுக்கு லூதர் வந்தார். 1520 ஜூனில் பாப்பரசர் லூதரின் 41 கூற்றுகளைக் கண்டித்து ஆணைமடல் வெளியிட்டார். அதே ஆண்டு லூதர் எழுதிய நூல்களுள் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றிய நூல் குறிப்பிடத்தக்கது. விசுவாசத்தினால் கிறிஸ்தவன் எவருக்கும் அடிமையல்ல, அன்பினால் அனைவருக்கும் ஊழியன் என்பது அதன் சாரம்.

1520 டிசம்பர் 10 ஆம் திகதி விற்றன்பேர்க் நகர வாயிலுக்கு வெளியே லூதர் அந்த ஆணைமடலை எரித்தார். அதனுடன் திருச்சபைச் சட்ட நூல்களும் எரிக்கப்பட்டன. மனிதர் இயற்றிய சட்டங்களைக் கடவுளின் சட்டம் போல மனச்சாட்சியின் மீது சுமத்தக்கூடாது என்பதே இச்செயலின் பொருள். ஒருகாலத்தில் சட்ட மாணவனாக இருந்தவரே சட்ட நூலுக்குத் தீ வைத்தார். 1521 ஜனவரி 3 ஆம் திகதி அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

1521 ஏப்ரல் 17, 18 ஆம் திகதிகளில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சாள்ஸின் மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். நூல்களைக் கைவிடுமாறு கேட்கப்பட்டபோது ஒரு நாள் அவகாசம் பெற்றார். மறுநாள், வேதாகமத்தினாலும் தெளிவான நியாயத்தினாலும் தவறு காட்டப்பட்டாலன்றித் தம் மனச்சாட்சிக்கு எதிராக நடக்க முடியாது என மறுத்தார். பேரரசர் அவரைச் சட்டப் பாதுகாப்பு அற்றவராகப் பிரகடனம் செய்தார். சக்சனி இளவரசர் பிரெடெரிக் அவரை வார்ட்பேர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார். அங்கே லூதர் ஏறத்தாழ பதினொரு வாரங்களில் புதிய ஏற்பாட்டை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். அது 1522 செப்டெம்பரில் வெளிவந்தது. முழு வேதாகமம் 1534 இல் வெளிவந்தது.

7. சுதந்திரத்தையும் சட்டமாக்கக்கூடாது

லூதர் மறைந்திருந்த காலத்தில் விற்றன்பேர்க்கில் அவரது ஆதரவாளர்கள் அவசரப்பட்டனர். சுருவங்கள் உடைக்கப்பட்டன. வழிபாட்டு முறை ஒரேயடியாக மாற்றப்பட்டது. 1522 மார்ச்சில் லூதர் திரும்பி வந்து எட்டு நாட்கள் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். கட்டாயத்தினால் எவரையும் விசுவாசத்துக்குக் கொண்டுவர முடியாது, பலவீனரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பழைய சட்டங்களை நீக்கி அவற்றின் இடத்தில் புதிய சட்டங்களை வைப்பது சுதந்திரம் ஆகாது.

கடைசிப் பிரசங்கம் பாவசங்கீர்த்தனம் பற்றியது. அதனைக் கட்டாயமாக்குவதை அவர் ஏற்கவில்லை. ஆனால் குருவிடம் தனியாகப் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்பின் வார்த்தையைக் கேட்கும் வழக்கத்தைத் தாம் ஒருபோதும் கைவிடப் போவதில்லை என்றார். லூதர் பாவசங்கீர்த்தனத்தை ஒழித்தார் என எழுதுவது பிழை.

8. மன்னிப்பு இலவசம் என்றால் ஏன் நல்லவனாக வாழ வேண்டும்?

இப்பாடத்தை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, மன்னிப்பு இலவசம் என்றால் யாரும் எதுவும் செய்யலாமே சேர், பிறகு பத்துக் கட்டளை எதற்கு என்று கேட்டாள். நல்ல கேள்வி. லூதரின் சொந்த ஊரான ஐஸ்லேபனில் பிறந்த அவரது மாணவர் அக்ரிகோலாவின் போதனையும் இந்தக் கேள்வியையே எழுப்பியது. மனந்திரும்புதல் நற்செய்தியினால் மட்டுமே ஏற்படும், ஆகவே சட்டத்தைத் தேவாலயத்தில் போதிக்கத் தேவையில்லை, அது நீதிமன்றத்துக்கு உரியது என அக்ரிகோலா கூறினார். 1537 முதல் லூதர் தம் நண்பரான அவரையே எதிர்த்து விவாதித்தார்.

லூதரின் பதிலை இரண்டு நிலைகளில் எழுதுங்கள். முதலாவது, நோயை அறியாதவன் மருந்தைத் தேட மாட்டான். சட்டம் பாவத்தைக் காட்டாவிட்டால் மன்னிப்பு என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. இரண்டாவது, மன்னிக்கப்பட்டவன் நன்மை செய்வது கட்டளைக்குப் பயந்து அல்ல. நல்ல மரம் நல்ல கனியைத் தருவது போல அது இயல்பாக நிகழ்கின்றது.

சட்டத்தின் பயன்பாடுகளை லூதர் இரண்டாக வகுத்தார். சமூகத்தில் தீமையை அடக்குதல் ஒன்று, மனிதனுக்கு அவனது பாவத்தை உணர்த்துதல் மற்றையது. விசுவாசியின் வாழ்வுக்கு வழிகாட்டுதல் என்ற மூன்றாவது பயன்பாட்டை மெலாங்தனும், பின்னர் ஜெனீவாவின் கல்வினும் வலியுறுத்தினர். கல்வின் இதனையே முதன்மையானதாகக் கருதினார்.

1528 அளவில் சக்சனியின் கிராமச் சபைகளைப் பார்வையிட்ட லூதர், மக்கள் மட்டுமன்றிப் போதகர்கள் பலரும் அடிப்படைப் போதனையை அறியாதிருந்ததைக் கண்டு திகைத்தார். அதனால் 1529 இல் சிறிய ஞானோபதேசம், பெரிய ஞானோபதேசம் என இரு நூல்களை வெளியிட்டார். சிறிய நூல் வினா விடை வடிவில் அமைந்தது. அது எதில் ஆரம்பிக்கின்றது என்பதைக் கவனியுங்கள். பத்துக் கட்டளைகள் முதலில், விசுவாசப் பிரமாணம் இரண்டாவது, கர்த்தர் கற்பித்த செபம் மூன்றாவது. சட்டம் பாவத்தைக் காட்டுகின்றது, விசுவாசம் மருந்தைக் காட்டுகின்றது, செபம் அம்மருந்தைக் கேட்கின்றது. அம்மாணவியின் கேள்விக்கு இந்நூலின் ஒழுங்குமுறையே விடையாகும்.

9. குடும்பமும் குறைகளும்

1525 ஜூன் 13 ஆம் திகதி லூதர் முன்னாள் கன்னியாஸ்திரி கத்தரினா வொன் போராவைத் திருமணம் செய்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தனர். எலிசபெத் குழந்தையாகவே 1528 இல் இறந்தாள். மகள் மக்டலேனா பதின்மூன்று வயதில் 1542 இல் தந்தையின் கைகளில் உயிர் நீத்தாள். மகள் கடவுளிடம் சமாதானமாக இருக்கிறாள் என்று அறிந்தும் தமது துயரம் அடங்கவில்லையே என அவர் வருந்தினார்.

லூதரைப் புகழ்ந்து மட்டும் எழுதும் விடை முழுமையானதல்ல. 1525 இல் ஜேர்மன் விவசாயிகள் நிலப்பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தனர். லூதர் முதலில் இரு சாராரையும் கண்டித்தார். பின்னர் வன்முறை பரவியபோது, கிளர்ச்சியாளரை இரக்கமின்றி அழிக்குமாறு பிரபுக்களைத் தூண்டி எழுதினார். பல்லாயிரக்கணக்கான விவசாயிகள் கொல்லப்பட்டனர். கடவுளின் முன் உள்ள சுதந்திரத்தைச் சமூகச் சுதந்திரமாக மாற்ற அவர் மறுத்துவிட்டார்.

1543 இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய நூல் இதனிலும் கொடியது. அவர்களது செபக்கூடங்களையும் வீடுகளையும் அழிக்குமாறு அதில் ஆலோசனை கூறினார். இருபதாம் நூற்றாண்டில் நாசிகள் இந்நூலைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தினர். அமெரிக்காவின் சுவிசேஷ லூதரன் திருச்சபை 1994 இல் இவ்வெழுத்துகளைப் பகிரங்கமாக நிராகரித்தது. மன்னிப்பைப் பற்றி இவ்வளவு ஆழமாகப் போதித்தவர் இவ்வளவு வெறுப்போடும் எழுதினார். கிறிஸ்தவன் ஒரே வேளையில் நீதிமானும் பாவியும் என்ற அவரது போதனை அவருக்கும் பொருந்துகின்றது. ஆனால் அதனை ஒரு சாக்காக எழுதாதீர்கள். கண்ணாடி எல்லோருக்கும் ஒன்றுதான்.

10. மரணமும் பின்விளைவுகளும்

1546 பெப்ரவரி 18 ஆம் திகதி, ஒரு பிணக்கைத் தீர்த்துவைக்கச் சென்ற இடத்தில், தாம் பிறந்த ஐஸ்லேபனிலேயே லூதர் 62 ஆவது வயதில் காலமானார். விற்றன்பேர்க் கோட்டைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை திறெந்து பொதுச்சங்கத்தில் (1545 – 1563) தன் பதிலை அளித்தது. நீதிமானாக்கப்படுதல் கடவுளின் அருளால் ஆரம்பிக்கின்றது என்பதை அது ஏற்றது. ஆனால் மனிதன் அவ்வருளுடன் ஒத்துழைக்க வேண்டும் என்றும், விசுவாசம் மட்டும் போதும் என்பது தவறு என்றும் போதித்தது. சீட்டு தொடர்பான பண முறைகேடுகளை ஒழிக்கவும் கட்டளையிட்டது. அதாவது முறைகேட்டைப் பொறுத்தவரை லூதரின் முறைப்பாடு நியாயமானது என்பது நடைமுறையில் ஒப்புக்கொள்ளப்பட்டது. போதனையில் வேறுபாடு நீடித்தது.

1999 ஒக்டோபர் 31 ஆம் திகதி, கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் ஓக்ஸ்பேர்க் நகரில் கையொப்பமிட்டன. மனிதன் தன் தகுதியினால் அன்றி அருளினாலேயே கடவுளால் ஏற்கப்படுகிறான் என்பதில் இரு சாராரும் உடன்பட்டனர். 2006 இல் மெதடிஸ்த சபையும் இப்பிரகடனத்துடன் இணைந்தது.

தமிழுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜேர்மன் லூதரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, லூதரின் சிறிய ஞானோபதேசத்தையும் புதிய ஏற்பாட்டையும் தமிழில் பெயர்த்தார். விற்றன்பேர்க்கில் எழுந்த கேள்வி இரு நூற்றாண்டுகளுக்குள் தமிழில் கேட்கப்பட்டது.

நினைவிற் கொள்க

1483 – பிறப்பு, ஐஸ்லேபன்
1505 – இடிமின்னல் நேர்ச்சை, மடத்தில் சேர்தல்
1512 – கலாநிதிப் பட்டம், விற்றன்பேர்க்
1517 – 95 கோட்பாடுகள்
1520 – ஆணைமடலும் திருச்சபைச் சட்ட நூல்களும் எரிப்பு
1521 – திருச்சபை விலக்கு, வோர்ம்ஸ் மன்றம்
1522 – ஜேர்மன் புதிய ஏற்பாடு
1525 – விவசாயிகள் போர், திருமணம்
1529 – ஞானோபதேச நூல்கள்
1537 – அக்ரிகோலாவுடன் விவாதம்
1546 – மரணம்

பயிற்சி வினாக்கள்

1. பாவத்தின் குற்றம், தற்காலிகத் தண்டனை ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்குக.
2. சீட்டு விற்பனையை லூதர் எதிர்த்தமைக்குப் பண முறைகேடு மட்டுமே காரணமா? ஆராய்க.
3. சட்டத்தின் பயன்பாடுகள் பற்றி லூதரும் கல்வினும் கொண்டிருந்த கருத்துகளை ஒப்பிடுக.
4. மன்னிப்பு இலவசம் என்ற போதனை ஒழுக்கத்தைப் பலவீனப்படுத்தும் என்ற கூற்றுக்கு லூதரின் பதில் யாது?

இரண்டாவது வினாவை இன்றே எழுதிப் பாருங்கள். பணம், அதிகாரம், போதனை என மூன்று பந்திகளாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றாவது பந்தியில், தான் மன்னிக்கப்பட்டதை மனிதன் எவ்வாறு அறிவான் என்ற அந்தத் துறவியின் கேள்வியை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விடை மற்றைய விடைகளிலிருந்து வேறுபடுவது அந்த இடத்தில்தான்.